மாடியில் தகடு, வீட்டில் இருட்டு

எங்கள் தெருவில் இன்று மூன்று வீடுகளின் மொட்டை மாடியில் கருநீலக் கண்ணாடித் தகடுகள் தெற்கு நோக்கிச் சாய்ந்து கிடக்கின்றன. சோலார் பேனல் என்று சிறுவர்கூடச் சொல்லும் அந்தத் தகடுகளைப் பார்ப்பவர் எவரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: “கரண்ட் போனாலும் இவர்கள் வீட்டில் விளக்கு எரியும் அல்லவா?” எரிவதில்லை என்பதே உண்மை. தெருவில் மின்சாரம் நின்றால், பட்டப்பகலில், வெயில் கொளுத்திக் கொண்டிருக்கும்போதே, அந்த மூன்று வீடுகளிலும் மின்விசிறி நின்றுவிடுகிறது. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. நம்பியவர்களோ, “அப்படியானால் அவ்வளவு பணத்தைக் கொட்டுவது எதற்காக?” என்கிறார்கள். நியாயமான கேள்விதான். நான்காவதாக எங்கள் வீட்டிலும் இதே பேச்சு எழுந்தபோது, அதற்கு விடை கண்ட பின்னரே முடிவு செய்வது என்று நானும் என் கணவரும் தீர்மானித்தோம்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரணியத்துக்கும் இடையில் உள்ளது. 2018 நவம்பர் 16 அன்று அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தபோது, இப்பகுதியின் தென்னந்தோப்புகளோடு மின்கம்பங்களும் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்பி வர 23 நாட்கள் ஆயின. அப்போது என் மாமியார் நடமாடிக்கொண்டிருந்தார். இப்போது அவருக்கு 86 வயது. இடுப்பெலும்பு முறிந்தபின் படுக்கையே அவருடைய உலகம் ஆகிவிட்டது. படுக்கைப் புண் வராதிருக்க, சிறு மோட்டாரினால் மாறி மாறிக் காற்று நிரம்பும் மெத்தை ஒன்றில் படுத்திருக்கிறார். மோட்டார் நின்றால் மெத்தை தளரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாங்கள் இருவரும் சேர்ந்து அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். எங்களுக்கும் வயதாகிறது.

பெங்களூரில் இருக்கும் எங்கள் மகன் தொலைபேசியில், “அம்மா, மூன்று கிலோவாட் சோலார் போட்டுவிடுங்கள். பணம் நான் அனுப்புகிறேன். அப்பாயிக்கு இனி இருட்டே வேண்டாம்” என்றான். அன்பினால் சொன்ன சொல். ஆனால் அந்த மூன்று கிலோவாட்டுக்கும் அப்பாயியின் இருட்டுக்கும் தொடர்பு உண்டா என்பதல்லவா கேள்வி! நான் உயர்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் அறிவியல் கற்பித்தவள். என் கணவர் மின்வாரியத்தில் கம்பியாளராகச் சேர்ந்து, லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். ஆகவே எங்கள் வீட்டில் இந்த ஆராய்ச்சி சற்று நீண்டே நடந்தது.

முதலில் தகட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒளி பட்டால் சில பொருள்களில் மின்னோட்டம் பிறக்கிறது என்பதை 1839இலேயே பிரான்சு நாட்டு எட்மண்ட் பெக்கரல் கண்டறிந்தார். அப்போது அவருக்கு வயது 19. ஆயினும் அது வேலைக்கு உதவும் பொருளாக வடிவெடுக்க 1954 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் என்ற மூவர் சிலிக்கனால் ஆன மின்கலத்தைச் செய்து காட்டினர். அதன்மீது விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கே மின்சாரம் ஆயிற்று. இன்று நாம் மாடியில் வைக்கும் தகடுகள் நூற்றுக்கு இருபது பங்கையும் தாண்டுகின்றன.

சிலிக்கன் என்பது நாம் மிதித்து நடக்கும் மணலிலிருந்து பிரித்தெடுக்கப்படும் தனிமம். மிகத் தூய்மையாக்கிய சிலிக்கனின் ஒரு பக்கத்தில் போரானையும் மறுபக்கத்தில் பாஸ்பரசையும் இம்மியளவு கலக்கிறார்கள். இதனால் ஒரு பக்கத்தில் எலெக்ட்ரான்களுக்குப் பற்றாக்குறையும், மறுபக்கத்தில் மிகுதியும் உண்டாகின்றன. இரண்டும் சந்திக்கும் எல்லையில் நம் வாய்க்கால் மதகு போன்ற ஒரு தடை தோன்றுகிறது. அது ஒருவழி மதகு. ஒளித்துகள் வந்து மோதும்போது ஓர் எலெக்ட்ரான் தன் இடத்தை விட்டுக் கிளம்புகிறது. மதகு அதை ஒரு பக்கமாக மட்டுமே போக விடுகிறது. போன எலெக்ட்ரான் தன் பழைய இடத்துக்குத் திரும்ப, வெளியே கம்பி வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும். அந்தச் சுற்றே நமக்குக் கிடைக்கும் மின்சாரம். இதில் தேய்வதும் எரிவதும் எதுவும் இல்லை. ஆகையால்தான் நல்ல தகடுகள் 25 ஆண்டுகள் உழைக்கின்றன.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தகட்டுக்கு வேண்டியது ஒளியே அன்றி வெப்பம் அன்று. வெயில் சுட்டெரித்தால் மின்சாரம் பெருகும் என்று என் மாணவர்கள் மட்டுமன்றி, உடன் பணியாற்றிய ஆசிரியர்களும் எண்ணியதுண்டு. நடப்பது நேர்மாறு. தகட்டின் பின்புறம் எழுதியிருக்கும் வாட் அளவு, தகடு 25 டிகிரி வெப்பத்தில் இருக்கும்போது அளந்தது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அக்கினி நட்சத்திர நாளில் மாடித் தகடு 60 டிகிரியைத் தொட்டால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழப்புத்தான். தகட்டைத் தளத்தோடு ஒட்ட வைக்காமல், அடியில் காற்றோட இடைவெளி விட்டுத் தூக்கி நிறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு மின்கலம் தருவது அரை வோல்ட்டுக்குச் சற்று அதிகம். டார்ச் பேட்டரியின் பாதிகூட இல்லை. ஆகவே பல கலங்களை மாலை கோப்பதுபோல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து ஒரு தகடாகவும், தகடுகளையும் அவ்வாறே கோத்து ஒரு வரிசையாகவும் ஆக்குகிறார்கள். இப்படிக் கோப்பதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. தோட்டத்துக் குழாயை ஓரிடத்தில் மிதித்தால் குழாய் முழுவதும் நீர் தடைப்படுவதுபோல், ஒரு கலத்தின்மேல் விழும் நிழல் அந்த மாலை முழுவதையும் தளர்த்திவிடும். நிழல் பட்ட பகுதியைச் சுற்றிக்கொண்டு மின்சாரம் போகத் தகட்டிலேயே மாற்றுவழி வைத்திருக்கிறார்கள் என்றாலும், அப்போதும் அந்தப் பகுதியின் உற்பத்தி போனது போனதுதான்.

இந்த நிழல் பேச்சு எங்கள் வீட்டில் பெரும்பேச்சாயிற்று. கஜாவில் விழுந்த ஐந்து தென்னைகளுக்குப் பதிலாக, 2019இல் அத்தை தம் கையாலேயே தென்புறத்தில் மூன்று கன்றுகளை நட்டார். அவை இப்போது மாடிச் சுவரை எட்டிப் பார்க்கின்றன. இன்னும் சில ஆண்டுகளில் அவற்றின் மட்டைகள் தென்பாதி மாடியில் காலை முதல் கோலம் போடும். விலை பேச வந்த இளைஞர் மிக எளிதாக, “மரத்தை எடுத்துவிடலாம், அம்மா” என்றார். படுத்திருந்த அத்தையின் காதில் அது விழாதிருக்க நான் கதவைச் சாத்தினேன். என் கணவர் ஒரு ஞாயிறு முழுவதும், திருப்பலிக்குப் போய் வந்த நேரம் தவிர, மணிக்கொரு முறை மாடிக்கு ஏறி நிழல் விழும் இடத்தைச் சுண்ணாம்புக்கட்டியால் கோடிட்டு வந்தார். வடமேற்கு மூலையில் நிழல் படாத இடம் கொஞ்சம் இருந்தது. மரங்கள் பிழைத்தன.

இனி இன்வெர்ட்டருக்கு வருவோம். தகட்டிலிருந்து வருவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். வீட்டு விளக்கும் விசிறியும் நாடுவது, 230 வோல்ட்டில் நொடிக்கு 50 சுற்று முன்னும் பின்னுமாக அலையும் மின்சாரம். முன்னதைப் பின்னதாக மாற்றுவதே இன்வெர்ட்டரின் வேலை. பேட்டரி இல்லாத அமைப்பில், இந்தக் கருவி தானாகத் தாளம் போடுவதில்லை. ஆர்மோனியத்தைக் கேட்டுக்கொண்டே பாடும் பாடகரைப் போல, தெருக்கம்பியில் வரும் அலையைக் கவனித்து, அதே சுருதியில் தன் மின்சாரத்தைச் சேர்க்கிறது. பகலில் வீட்டுக்கு வேண்டியது போக மிஞ்சியது தெருக்கம்பிக்குப் போகிறது. இரவில் நமக்கு வேண்டியது தெருக்கம்பியிலிருந்து வருகிறது. போனதையும் வந்ததையும் இருவழி மீட்டர் கணக்கு வைக்கிறது. இரவுக்காக நாம் எதையும் சேமித்து வைப்பதில்லை. கணக்கில் மட்டுமே சேமிப்பு.

நம் மாநிலத்தில் ஒரு கிலோவாட் அமைப்பு சராசரியாக நாளொன்றுக்கு நான்கு யூனிட் தரும் என்று கொள்ளலாம். மாசி, பங்குனியில் கூடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மிகவும் குறையும். மூன்று கிலோவாட்டுக்கு 540 வாட் தகடுகள் ஆறு போதும். நடக்க இடம் விட்டு ஏறத்தாழ 300 சதுர அடி மாடி வேண்டும். 2024 பிப்ரவரியில் மைய அரசு அறிவித்த திட்டத்தில் இத்தகைய மூன்று கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் என்று வகுத்தார்கள். குளிர்சாதனமும் பெரிய கூட்டுக்குடும்பமும் உள்ள வீடுகளுக்கு இது நல்ல முதலீடு என்பதில் ஐயம் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்குச் செலவாவது 260 யூனிட். அதில் முதல் 100 யூனிட்டுக்கு நம் மாநிலத்தில் கட்டணமே இல்லை. மூன்று கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்தில் 700 யூனிட் விளையும். மூவர் சாப்பிடும் வீட்டில் முப்பது பேருக்கு உலை வைப்பது போல அல்லவா அது!

சரி, தெருவில் மின்சாரம் நின்றால் மாடியிலும் ஏன் நிற்கிறது? அந்த இளைஞரோடு என் கணவர் நடத்திய உரையாடலை அப்படியே எழுதுகிறேன்.

“பாட்டிக்கு இனி ஒரு நிமிடமும் கரண்ட் போகாது, ஐயா.”

“தெருவில் ஃபியூஸ் போனால், தம்பி?”

“உங்கள் மாடியிலேயே உற்பத்தி ஆகிறதே, ஐயா!”

“பேட்டரி எத்தனை வைக்கிறீர்கள்?”

“பேட்டரியே வேண்டாம், ஐயா. அதுதான் இதன் சிறப்பு.”

“அப்படியானால் கட்டாயம் போகும், தம்பி. போகத்தான் வேண்டும்.”

இளைஞர் விழித்தார். என் கணவர் அவருக்குக் காப்பி கொடுக்கச் சொல்லிவிட்டு, கஜாவுக்குப் பின் பன்னிரண்டாம் நாள் நடந்ததைச் சொன்னார். டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ்களைப் பிடுங்கி வைத்துவிட்டு, தெருக்கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கம்பத்தின் மேல் இருந்தவர் என் கணவரோடு 20 ஆண்டுகள் வேலை பார்த்தவர். தெருக்கோடியில் ஒரு வீட்டில், இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயரால் ஜெனரேட்டரைச் சுவர்ப் பிளக்கில் செருகினார்கள். மெயின் சுவிட்சை யாரும் அணைக்கவில்லை. வீட்டுக்கென்று ஓடிய மின்சாரம் மீட்டரைக் கடந்து தெருவுக்கும் வந்தது. செத்த கம்பி என்று பிடித்த கை எரிந்தது. இடுப்பில் கட்டிய பெல்ட்தான் அவரைக் கீழே விழாமல் தாங்கியது. வலக்கையில் இரண்டு விரல்கள் போயின. ஃபியூஸ்களைப் பிடுங்காதிருந்தால் அந்த மின்சாரம் டிரான்ஸ்பார்மரையே தலைகீழாகக் கடந்து 11,000 வோல்ட்டாக ஏறியிருக்கும். டிரான்ஸ்பார்மருக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்ற வேறுபாடு தெரியாது. ஒரு பக்கம் குறைக்கும் கருவி, மறுபக்கம் பெருக்கும்.

ஒரு ஜெனரேட்டருக்கே இப்படியென்றால், தெருவுக்கு மூன்று மாடிகளிலிருந்து யாரும் தொடாமலே மின்சாரம் இறங்கிக்கொண்டிருந்தால் கம்பத்தில் ஏறுகிறவர் கதி என்ன? ஆகவேதான் இந்த இன்வெர்ட்டர்கள், தெருவின் அலை நின்றதை உணர்ந்த இரண்டு நொடிக்குள் தாமும் நின்றுவிட வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். அது பழுது அன்று. வேண்டுமென்றே வைத்த கட்டுப்பாடு. இதில் இன்னொரு நடைமுறைக் காரணமும் அடங்கியிருக்கிறது. மேகம் ஒன்று கடந்தால் தகட்டின் மின்சாரம் பாதியாகிறது. அந்த நேரம் பார்த்து மிக்சி ஓடினால் வோல்ட் சரிந்துவிடும். தெருக்கம்பி இருக்கும்வரை அந்த ஏற்ற இறக்கத்தை அது தாங்கிக்கொள்கிறது. அது இல்லாதபோது தாங்குவதற்கு ஏதேனும் ஒரு சேமிப்பு, அதாவது பேட்டரி, வேண்டும்.

ஆகவே மின்கட்டணத்தைக் குறைப்பது ஒரு வேலை. இருட்டில் விளக்கு எரிப்பது வேறொரு வேலை. ஒரே தகடு இரண்டையும் செய்யும் என்று விற்பவர் சொன்னால், இடையில் பேட்டரியும், தெருவிலிருந்து வீட்டைத் தானே பிரித்துக்கொள்ளும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் சரி. அதற்கான விலையும் தனி.

2011இல் நம் மாநிலத்தில் தொடங்கிய பசுமை வீடுகள் பல வாசகர்களுக்கு நினைவிருக்கும். முன்னூறு சதுர அடி வீடு, சூரிய ஒளியில் எரியும் ஐந்து விளக்குகள். கஜாவுக்குப் பின் எங்கள் ஊர்ப் பக்கம் இருட்டு மூடியிருந்த அந்த 23 இரவுகளில், காலனியில் அப்படிப்பட்ட ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தது. அந்த வீட்டம்மா முந்திய ஆண்டுதான் கடன் வாங்கிப் புது பேட்டரி மாற்றியிருந்தார். ஊரே தன் செல்பேசியை அவர் வாசலில் கொண்டுபோய் வைத்தது. ஒருவரிடமும் அவர் காசு வாங்கவில்லை. தெருக்கம்பியை நம்பாத அந்தச் சின்னத் தகடு செய்த வேலையை, பேட்டரி இல்லாத பெரிய தகடுகள் எத்தனை வைத்தாலும் செய்ய மாட்டா.

நாங்கள் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டோம். மெத்தையின் மோட்டார் 10 வாட். புதுவகை மின்விசிறி ஒன்று 30 வாட். (பழைய விசிறி 75 வாட் விழுங்கும், முதல் வேலையாக அதை மாற்றினோம்.) விளக்குகள் இரண்டுக்கும் 18 வாட். ஆக 58. இரவு 12 மணி நேரத்துக்கு ஏறத்தாழ 700 வாட்-மணி. அதாவது முக்கால் யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. கடையில் கிடைக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் 1,800 வாட்-மணி அடங்கும். ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் வடியவிட்டால் அதன் ஆயுள் குறையும். பாதி என்றால் 900. இன்வெர்ட்டர் தனக்கென்று எடுத்துக்கொள்வது போக, ஓர் இரவுக்குப் போதும். மறுநாள் அதை நிரப்ப 330 வாட் தகடு ஒன்று. சராசரி நாளில் 1,300 வாட்-மணி தரும். மழைநாளில் அதில் பாதி வருவதும் அரிது. ஆகவே இரண்டு தகடுகளாக வைத்துக்கொண்டோம்.

மகனுக்கு முதலில் வருத்தம். “அப்பா, மானியத்தை விட்டுவிடுகிறீர்களே” என்றான். அந்த மானியம் தெருக்கம்பியோடு இணைந்த அமைப்புக்கு உரியது என்பது உண்மையே. அவன் அப்பா, “உன் அப்பாயிக்கு வேண்டியது 58 வாட்டுடா” என்று மட்டும் சொன்னார். கணக்கை எழுதிப் படம் பிடித்து அனுப்பியபின் ஒத்துக்கொண்டான்.

தகடுகள் வந்து பத்து மாதங்கள் ஆகின்றன. எங்கள் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்தரைப் பாகையில் இருப்பதால் பத்துப் பாகைச் சரிவில் தெற்கு நோக்கி வைத்தோம். புயல்காற்றுக்காக, கால்களைத் தளத்தில் கான்கிரீட் போட்டு இறுக்கி, தனி எர்த் கம்பியும் இறக்கினோம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை காலை வெயில் ஏறுமுன் நீரூற்றித் துடைக்கிறேன். காக்கை எச்சம் ஒன்று போதும், ஒரு கலத்தை மறைக்க. பேட்டரி மின்னேற்றம் பெறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும்; ஆதலால் அது அத்தையின் அறையில் இல்லை, காற்றோட்டமான பின்கட்டில் இருக்கிறது. அதற்கு வடிநீர் ஊற்றும் நாளை நாட்காட்டியில் குறித்து வைக்கிறேன். சென்ற ஐப்பசியில் ஓர் இரவு பதினோரு மணி நேரம் தெரு இருண்டு கிடந்தது. அத்தை விடியும்வரை தூங்கினார். காலையில் எழுந்து, “இந்த மோட்டார் சத்தம் நிற்கவே நிற்காதா, அம்மா?” என்று கேட்டார்.

என் கணவர் இப்போது வேறொரு வேலையில் இறங்கியிருக்கிறார். எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் ஜெனரேட்டர் வைத்திருக்கும் வீடுகள் நான்கு. அந்த நான்கு வீடுகளுக்கும் போய், தெருக்கம்பியையும் ஜெனரேட்டரையும் ஒரே நேரத்தில் இணைய விடாத சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இருக்கிறதா என்று பார்த்தார். ஒரு வீட்டில்தான் இருந்தது. மற்ற இருவர் வாங்கி மாட்டிவிட்டனர். நான்காமவர் மழைக்காலத்துக்கு முன் மாட்டிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை அந்த இருமுனை ஒயர் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது.